கை சுத்தம்

"ஸ்கூட்!"

சுபாஸ்ரீ பதிமூன்று சீட்டையும் கவிழ்த்து மேஜைமேல் போட்டாள். ரம்மியில் அந்த ஒரு சொல் போதும். ஆள் ஆட்டத்தை விட்டு விலகியாயிற்று. எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. அதை நிமிர்த்தக்கூட நிற்காமல் கைப்பையையும் ஸ்கூட்டி சாவியையும் அள்ளிக்கொண்டாள்.

செகந்தராபாத்தில் அந்தக் கிளப்பின் வருடாந்தரப் போட்டி அது. கடைசி மேஜை. சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கூட்டம் 'ஹோ' என்றது. எதிரே ஆடிக்கொண்டிருந்த கிளப் செயலாளர் ஜெகநாதன், செய்யக்கூடாத காரியம் என்று தெரிந்தும், அவள் கவிழ்த்த சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி! இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்தா ஷோ அடிச்சு ஜெயிச்சிருப்பே. இந்தக் கைக்கா ஸ்கூட்?"

"அவசரம் சார். ஆஸ்பத்திரி."

"யாருக்காவது பிரசவமா?"

"ஒரு மனுஷனுக்குப் புத்தி இல்லைன்னு சர்ட்டிபிகேட் எழுதப் போறாங்க."

"ரம்மி ஆடற எல்லாருக்கும் எழுத வேண்டியதுதானே. என்னையும் க்யூவில நிக்க வை!"

கூட்டம் சிரித்தபோது அவள் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தாள்.

கைப்பேசியில் வந்த மங்களத்தின் குரல் இன்னும் காதில் அடித்துக்கொண்டிருந்தது. "சுபா, எங்கம்மா இருக்க? சாயங்காலம்னு சொன்னதை இப்பவே வச்சிட்டாவ. பெரிய டாக்டருங்க உள்ள உக்காந்தாச்சு. இவுகளைச் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டுப் போறாவ. கையெழுத்து விழுந்துட்டா முடிஞ்சுதும்மா. நாளைக்கே அந்த முதியோர் விடுதிக்குக் கொண்டு போயிருவாவ. என்னை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போறேங்கான் எம் மவன். நாப்பது வருஷம் கூட இருந்தவுகளை இங்க விட்டுட்டு நான் அங்க போய் என்னத்தைப் பண்ண?"

ஸ்கூட்டி மெட்டுகுடாவைத் தாண்டிப் பறந்தது. தார்நாகாவில் சாலை மறியல் என்று எதிரே வந்த ஆட்டோக்காரர் கையை ஆட்டினார். தெலங்கானாப் போராட்டம் நடந்த இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷத்து ஹைதராபாத்தில் மறியல் இல்லாத வாரம் ஏது? சுபாஸ்ரீ யோசிக்கவே இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு லாலாபேட்டைச் சந்துகள் தண்ணீர் பட்ட பாடு. வண்டியை ஒடித்துத் திருப்பினாள். மௌலாலி, அப்புறம் நேர் ரோடு, குஷாய்குடா.

'நான் போறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடாதீங்கடா' என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் வேண்டிக்கொண்டாள்.

*

ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது அவளிடம், நீ கையில் வந்த கோப்பையை வீசிவிட்டு ஒரு ரிட்டயர்டு ஆளுக்காக இப்படி ஓடுவாய் என்று சொல்லியிருந்தால், அவரையே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பாள்.

மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள் டெஸ்டராக இருந்தவள். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை. பொருளாதார மந்தம் வந்து ஆட்களைக் கழித்தபோது அவளும் கழிந்தாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கிளப்பின் பெண்கள் மேஜையில் உட்கார்ந்தாள். ஓட்டை கண்டுபிடிக்கும் கண் அங்கே வட்டியும் முதலுமாகப் பலன் தந்தது. எதிராளி எந்தச் சீட்டை எடுக்கிறான், எதை எறிகிறான், எறியும் முன் எவ்வளவு தயங்குகிறான் என்று பார்த்தே அவன் கையிலிருப்பதைச் சொல்லிவிடுவாள். ஆறு மாதத்தில் பெரிய மேஜை. பிறகு அதுவே தொழில். அக்கம்பக்கத்தில் கேட்டால் "கன்சல்டிங்" என்பாள்.

அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. சீட்டைக் கலைக்கும்போதே வேண்டியதை வேண்டியவருக்குத் தள்ளுகிற கைவித்தை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. செய்வதற்காகக் கற்றதல்ல, பிடிப்பதற்காக. அப்படி அவள் பிடித்துக் கொடுத்த இரண்டு பேருக்கு இன்றைக்கும் ஊரில் எந்தக் கிளப்பிலும் நாற்காலி கிடையாது. "சுபா உக்காந்த மேஜையா? அப்ப கை சுத்தம்" என்பார் ஜெகநாதன். அந்தப் பேச்சைக் கேட்கும்போது வருகிற பெருமிதம் கோப்பை வாங்கும்போதுகூட வந்ததில்லை.

ஆனால் ஆட்டம் முடிந்து சீட்டைக் கலைத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? ஏ.சி. வாங்கினாள், சோபா வாங்கினாள், சோபாவில் உட்கார்ந்து ஏ.சி.யைப் பார்த்தாள். ஜெயித்ததை வந்து சொல்ல ஓர் ஆள் இல்லை. சொன்னால் சந்தோஷப்படவும் ஆள் இல்லை. தோற்றவன் வீட்டில் என்ன நடக்கும் என்ற நினைப்பு மட்டும் சில நாள் சாப்பாட்டுத் தட்டுவரை கூட வந்தது.

குனிந்தே உட்கார்ந்ததில் கழுத்து பிடித்துக்கொள்ள, குஷாய்குடாவில் ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறைக்குப் போனாள். அங்கேதான் சிவஞானம்.

பக்கத்திலிருந்த எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் தரப் பரிசோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வலது பக்கத்தைப் படுக்க வைத்ததோடு, மூளையில் பேச்சு குடியிருக்கும் இடத்தையும் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. பிறந்த ஊர்த் திருநெல்வேலித் தமிழ் போயிற்று. ஆபீஸ் இங்கிலீஷ் போயிற்று. மிஞ்சியது ஃபேக்டரி கேண்டீனில் பொறுக்கிய ஹைதராபாத் ஹிந்தியில் இரண்டே இரண்டு சொல். 'நக்கோ' ஒன்று, வேண்டாம். 'பர்ஸோன்' இன்னொன்று. எதைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்று வரும். தெரபிஸ்ட் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தால், "நக்கோ" என்று ஜன்னலுக்கு வெளியே எறிவார்.

சுபாஸ்ரீ தன் முறைக்காகக் காத்திருந்தபோது பழக்கதோஷத்தில் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று ஏதோ உறுத்தி நிமிர்ந்தாள். சிவஞானத்தின் கண் அவள் விரல்களோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரிக் கண்ணை அவளுக்குத் தெரியும். சீட்டு தெரிந்தவனின் கண்.

"சார், ஒரு கை?"

அவர் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியே அவள் பக்கம் சாய்ந்தது.

நீளவாக்கில் கீறல் வெட்டிய ஒரு மரக்கட்டையில் சீட்டுகளைச் செருகி நிறுத்தினாள். இடது கையால் எடுத்தார், எறிந்தார். அவள் ஸ்பேடு ராஜாவை வீசியதும் ஆவலாக எடுத்தார். அடுத்து அதே ஜாதியில் ராணியை வீசச் சொல்லிக் கண்ணால் தூண்டில் போட்டார். வீசாமல் அவள் வேறொன்றை வீச, பாதி முகத்தால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவர் மனைவி மங்களம் கையிலிருந்த ஃப்ளாஸ்கைக் கீழே போட்டாள். "ஏ சுபா... ஒன் பேரு சுபாதானே? இவுக பேசுதாவடி!"

பேசத்தான் செய்தார். எடுப்பதும் எறிவதும் பேச்சில்லாமல் வேறென்ன? 'இது வேணும், இது வேண்டாம், நீ எதை ஒளிக்கிறன்னு எனக்குத் தெரியும், மாட்டினியா!' எல்லாம் சொன்னார்.

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் கிளப்பில் பெரிய மேஜைகள் சூடு பிடிக்கிற நேரத்தில் சுபாஸ்ரீயின் ஸ்கூட்டி குஷாய்குடாவில் நின்றது. தெரபிஸ்ட் இன்னும் சிலரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். போவன்பள்ளிக் காய்கறி மண்டித் தரகர் ஒருவர். ஒருகாலத்தில் மார்க்கெட்டையே கத்திக் கத்தித் தன் விலைக்கு இழுத்தவர், வாய் போனபின் சுவரைப் பார்த்துக் கிடந்தார். முதல் ஷோ அடித்த அன்று மேஜையைத் தட்டிய தட்டில் நர்ஸ்கள் ஓடி வந்துவிட்டார்கள். பந்தயம் கிடையாது. ஜெயித்தவருக்கு ஒரு இரானி பிஸ்கெட். அந்த அறையிலிருந்து வீட்டுக்குப் போகிற நாட்களில் சுபாஸ்ரீ ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. நாளைக்குத் தரகரை எப்படி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப் போனாள்.

*

அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் நுழைந்தபோது, பேனா காகிதத்தைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் சார்!"

மூன்று டாக்டர்கள். நடுவில் குழுத் தலைவி டாக்டர் நஸ்ரின். தாத்தா காலத்தில் வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரத்துக்கு வந்து ஹைதராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். அவருக்கு வலப்புறம் டாக்டர் ஜகதீசன், நரம்பியல், சென்னையிலிருந்து இந்த வருஷம்தான் வந்தவர். மூன்றாமவரும் டாக்டர்தான், ஆஸ்பத்திரி நிர்வாகி. ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் சிவஞானம், மங்களம், அமெரிக்காவில் சாஃப்ட்வேர் இன்ஜினீயராக இருக்கும் மகன் வெங்கட்.

"யாருங்க நீங்க? தெரபிஸ்டா?" என்றார் ஜகதீசன்.

"இல்ல சார். சீட்டாடறவ."

"என்னது?"

"தொழில் அதுதான் சார். ரம்மி."

வெங்கட் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "டாக்டர், சாரி. அம்மா, ப்ளீஸ், டிராமா வத்து, வேண்டாம்." அவன் கெட்டவன் இல்லை. அப்பா செத்துப்போய் அவர் உடம்பு மட்டும் மூச்சு விடுகிறது என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான். "அக்கா, நீங்க நல்லது நினைக்கிறீங்க, நாக்கு தெலுசு, எனக்குத் தெரியும். ஆனா அப்பா அங்க இல்லை. நான் வந்ததிலிருந்து டெய்லி பார்க்கிறேன். ஹி இஸ் நாட் தேர்."

"ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்லுது" என்றார் ஜகதீசன். குரலில் கடுமை இல்லை. "நானே மூணு தடவை டெஸ்ட் பண்ணேன். எப்ப உடம்புக்கு வந்ததுன்னு கேட்டா, பர்ஸோன். எப்ப ரிட்டயர் ஆனீங்க? பர்ஸோன். கல்யாணம் எப்ப? பர்ஸோன். எல்லாமே முந்தாநாள் நடந்ததா நினைக்கிறார். காலம்கிற உணர்வே போயிடுச்சு."

சுபாஸ்ரீ அவரையே பார்த்தாள். "சார், உங்களுக்கு ஹிந்தி..."

"நான் ஹிந்தி பிரசார சபாவில பிரவீண் வரைக்கும் பரீட்சை எழுதி ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணவன்மா. பர்ஸோன்னா முந்தாநாள். இல்லன்னா நாளன்னைக்கு. மூணாவது அர்த்தம் கிடையாது."

டாக்டர் நஸ்ரினின் தோள் லேசாகக் குலுங்கியது. வாயைக் கைக்குட்டையால் மூடினார். முடியவில்லை, சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"ஜகதீசன், என் நிக்காஹ் எப்ப நடந்தது தெரியுமா?"

"எனக்கெப்படி மேடம் தெரியும்?"

"பர்ஸோன். என் பெரிய பொண்ணு மெடிக்கல் காலேஜ்ல படிக்கிறா. எங்க தாத்தா இந்த ஊருக்கு வந்ததும் பர்ஸோன்தான். அரே சாப், ஹைதராபாத்ல நேத்துக்கு முன்னாடி நடந்தது எல்லாமே பர்ஸோன். சார்மினார் கட்டினதைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க. உங்க பிரவீண் வாத்தியார் இங்க வந்ததில்ல போல!"

நிர்வாகி குனிந்து சிரிப்பை மறைத்தார். ஜகதீசனுக்குக் காது சிவந்தது. ஆனால் நேர்மையான மனிதர். காகிதத்தை இழுத்து அந்த வரியை அடித்தார். "சரி, இது என் தப்பு. இதோ இன்னொண்ணு. மனைவியைக் காட்டி, இவங்க உங்க சம்சாரமான்னு கேட்டேன். நக்கோங்கிறார்."

மங்களம் பொங்கினாள். "அது இவுக கல்யாணமான நாள்லேருந்து சொல்லுதது டாக்டர்! யாரு கேட்டாலும் 'எனக்கு வேண்டாம், நீங்க வச்சுக்கோங்க'ம்பாவ. வாய் போச்சு, வம்பு போகலை!"

சிவஞானத்தின் பாதி உதடு மேலே ஏறியது. நஸ்ரின் அதைக் கவனித்தார்.

"இதுல எதுவும் முடிவா சொல்ல முடியாது மேடம்" என்றார் ஜகதீசன். "சட்டம் கேக்கிறது ஒரே கேள்வி. தனக்கு எது நல்லது, எதிர்ல இருக்கிறவர் என்ன நோக்கத்தோட இருக்கிறார், இதைப் புரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்க முடியுமா? சீட்டு ஆடறார்னு இந்தம்மா சொல்றாங்க. பழகின கை தானா ஆடும். சைக்கிள் ஓட்டற மாதிரி. அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு இவருக்குத் தெரியுதுன்னு எனக்குக் காட்டுங்க. நானே இந்தச் சர்ட்டிபிகேட்டைக் கிழிக்கிறேன்."

"ஒரு ஆட்டம் பாருங்க சார்" என்றாள் சுபாஸ்ரீ. "ஒண்ணே ஒண்ணு."

நஸ்ரின் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "போடுங்க" என்றார்.

*

இரண்டு கட்டுச் சீட்டு. கலைத்தாள். எத்தனையோ பெரிய மேஜைகளில் கலைத்ததைவிட அன்றைக்கு அதிக நேரம் கலைத்தாள். அங்கே தோற்றால் அவள் தோற்பாள், அவ்வளவுதான். இங்கே தோற்றால் ஒரு மனிதரை அவர் உயிரோடு இருக்கும்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். மனைவி ஒரு தேசத்தில், அவர் ஒரு விடுதிக் கட்டிலில். வாயிருந்து கேட்கவும் வழியில்லாமல்.

அவருக்குப் பதிமூன்று, தனக்குப் பதிமூன்று. நடுவில் மிச்சக் கட்டு.

சிவஞானம் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டையில் செருகினார். பாதியில் நின்றார். தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவள் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி, மடியிலிருந்து மேஜை விளிம்புக்கு மாற்றி வைத்தார். அது அவர் அடிக்கடி செய்வதுதான். உணர்வில்லாத கை நழுவித் தொங்கிவிடும். எல்லோரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தக் கையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஆட்டம் தொடங்கியது. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சுபாஸ்ரீ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

இவர் சிவஞானமே இல்லை. தினமும் கண்ணால் தூண்டில் போடுகிற மனிதர் எங்கே போனார்? கிளாவர் பத்தை வீசினாள். அவருக்கு அது வேண்டும். முன்னால் அவர் எறிந்தவற்றை வைத்து அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் அந்தப் பத்தைப் பார்த்தார்.

"நக்கோ."

கட்டிலிருந்து வேறு எடுத்து, பார்க்காமலேயே எறிந்தார். அடுத்து ஹார்ட்டின் ஏழு. கையில் கொண்டுபோய்க் கொடுப்பது போல வீசினாள்.

"நக்கோ."

ஜகதீசனின் பேனா எழுத ஆரம்பித்தது. வெங்கட் அம்மாவின் தோளில் கை வைத்தான். மங்களம் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஏங்க, எடுங்க... அதை எடுங்களேன்" என்று முனகினாள்.

சிவஞானம் கடைசியில் ஒரு காரியம் செய்தார். இடது புறங்கையால் மரக்கட்டையை ஒரு தட்டு. சீட்டுகள் முகம் குப்புற மேஜையில் விழுந்து பரவின. நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜகதீசன் எழுதுவதை நிறுத்தினார்.

"போதும்மா" என்றார் ஜகதீசன் மென்மையாக. "உங்க நல்ல மனசு புரியுது. தனக்குச் சாதகமா வர்ற சீட்டையே அவருக்கு அடையாளம் தெரியலை. பாத்தீங்கல்ல? மேடம், கையெழுத்து..."

வெங்கட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் சொன்னேன்ல அக்கா."

சுபாஸ்ரீ எழுந்தாள். சிவஞானத்தின் எதிரே போய்க் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் அவளுக்கு நேராகத் திரும்பியது.

அதில் குழப்பம் இல்லை. கோபம் இருந்தது. சுடுகிற, தெளிவான கோபம். அந்தப் பார்வையை எங்கே பார்த்திருக்கிறோம்? பார்த்ததில்லை. அவளே அதைத் தன் கண்ணால் அடுத்தவர்மேல் வீசியிருக்கிறாள். கிளப்பில். இரண்டே இரண்டு தடவை.

அவள் சடாரென்று மேஜைக்குத் திரும்பினாள். குப்புறக் கிடந்த அவருடைய சீட்டுகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். பத்து.

பதிமூன்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து.

அவர் செய்தது புரிந்தது. அதே நொடியில் இன்னொன்றும் புரிந்தது: இதை வாய் திறந்து சொன்னால் தன் பிழைப்பு இன்றோடு சரி. இங்கே பேசுவதெல்லாம் அந்த நிர்வாகியின் குறிப்பில் ஏறுகிறது. ஜெகநாதன் காதுக்குப் போக எத்தனை நேரமாகும்? அதன்பிறகு இந்த ஊரில் எந்த மேஜையும் அவளுக்கு நாற்காலி போடாது.

யோசித்தாளா? யோசித்தாள். நஸ்ரின் பேனாவின் மூடியைக் கழற்றுகிற நேரம்.

"மேடம், பேனாவைக் கீழ வைங்க" என்றாள். "டாக்டர் சார், அடுத்தவங்க மனசுல இருக்கிறது இவருக்குத் தெரியுமான்னுதானே கேட்டீங்க? இப்ப இந்த ரூம்ல உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் ஒரு திருட்டு நடந்தது. மூணு டாக்டர், ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர். ஒருத்தரும் பிடிக்கலை. இவர் ஒருத்தர்தான் பிடிச்சார்."

"என்ன சொல்றீங்க?"

"வெங்கட், அப்பாவோட வலது கையைத் தூக்குங்க."

வெங்கட் தயங்கினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கை துவண்டு விழுந்த நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதில்லை. மெதுவாக மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான்.

கீழே, உள்ளங்கைச் சூடு பட்டு லேசாக வளைந்து, மூன்று சீட்டு. வெங்கட் திருப்பினான். ஜோக்கர். இன்னொரு ஜோக்கர். மூன்றாவதும் ஜோக்கர்.

எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் செருகிக்கொள்ளக்கூடிய ஜோக்கர். ஒன்று கிடைத்தாலே கும்பிடு போடுகிறவர்கள் உண்டு. மூன்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஷோ அடிக்கலாம்.

ஜகதீசன் எழுந்தே விட்டார். "அப்ப சீட்டை ஒளிச்சு வச்சு ஏமாத்தறாரா?"

"ஏமாத்தறவன் ஜெயிக்கத்தானே சார் ஒளிப்பான்? இவர் ஒளிச்சு வச்சுத் தோத்திருக்கார். நான் வலியக் கொடுத்த பத்தையும் தொடலை, ஏழையும் தொடலை. கட்டையைத் தட்டி விட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார்."

"ஆனா மூணு ஜோக்கரும் ஒருத்தருக்கே எப்படி வந்தது?" என்றார் நஸ்ரின்.

சுபாஸ்ரீ ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"நான் போட்டேன் மேடம். கலைக்கும்போதே அடியில ஒதுக்கி வச்சு, மூணையும் அவருக்குத் தள்ளினேன். இத்தனை நாள்ல எந்த மேஜையிலயும் நான் இதைச் செஞ்சதில்ல. இன்னைக்கு இவர் ஜெயிச்சே ஆகணும்னு பயந்து செஞ்சேன். நான் கள்ள ஆட்டம் ஆடறேன்னு மூணாவது சீட்டு எடுக்கும்போதே இவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏன் ஆடறேன்னும் தெரிஞ்சுபோச்சு. இரக்கப்பட்டுப் போட்ட ஜோக்கர் எனக்கு நக்கோன்னுட்டார்."

மங்களத்தின் குரல்தான் முதலில் கிளம்பியது. "ஃபேக்டரியில ஒரு பீஸு சரியில்லைன்னா ஜி.எம். வந்து சொன்னாலும் பாஸ் பண்ண மாட்டாவ. அவுகளுக்குப் போயி கள்ளச் சீட்டு போட்டியே, சுபா!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் சிவஞானம் சிரித்தார். பாதி முகமும் முழு வயிறும் குலுங்கிய சிரிப்பு. வெங்கட் அந்த மரத்துப்போன கையை இன்னும் விடவில்லை. அதன்மேலேயே முகத்தை வைத்து, சின்ன வயசில் தெலுங்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் பேசிய தமிழில், "அப்பா, இங்கதான் இருக்கியாப்பா" என்று விம்மினான்.

ஜகதீசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சர்ட்டிபிகேட்டை நான்காகக் கிழித்து, நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு, "எனக்கும் ஒரு கை போடுவீங்களா சார்?" என்று கேட்டார். சுபாஸ்ரீயிடம் அல்ல, சிவஞானத்திடம்.

சிவஞானம் இடது கையால் சீட்டுகளை எல்லாம் வாரினார். ஜோக்கர்களையும் சேர்த்துக் கட்டாக்கினார். கலைத்துப் போட சுபாஸ்ரீ கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கட்டை அவளைத் தாண்டி டாக்டர் நஸ்ரினிடம் தள்ளினார்.

சீட்டுப் போடத் தகுதியில்லை என்று ஒரு மேஜை அவளைத் தள்ளிவைப்பது அதுதான் முதல் தடவை. சுபாஸ்ரீ கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே தனக்கு ஒரு நாற்காலி தேடினாள்.